குளம்புக்கு இரும்பு கட்டாயம் என்பவர்களுக்கு

குதிரையைக் கொட்டிலுக்கு வெளியே, மண்பாதையிலும் சாலையோரத்திலும் ஓட்டிச்செல்ல இரும்பு லாடம் கட்டாயம் என்பதும், மாட்டிக் கழற்றும் குளம்புக் காலணி வெறும் அவசரச் சாமான் என்பதும் குதிரையேறுவோரிடையே வேரூன்றிய கருத்து. சிங்கப்பூர் என்று வரும்போது இதற்குத் துணையாக மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. தீவெங்கும் தாரும் கான்கிரீட்டும். ஆண்டு முழுவதும் ஈரம். போதாக்குறைக்கு, இங்குள்ள சவாரிக் குதிரைகளில் பல பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனம். பிறவியிலேயே அவற்றின் குளம்பு மெலிந்தது என்பார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை லாடத்துக்குச் சான்றாக நிற்பதில்லை. சரியாகச் சீவப்பட்ட வெறுங்குளம்பும், கரடான தரைக்குப் போகும் நேரத்தில் மட்டும் அணிவிக்கும் காலணியும்தான் இந்தத் தீவின் ஓய்வுநேரச் சவாரிக் குதிரைக்குப் பொருத்தமான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன்.

லாடம் எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்தால் குதிரை நொண்டும். அந்தத் தேய்மானத்தைத் தடுக்க வந்ததுதான் ஆணியடித்த இரும்பு. சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் 1842-இல் தொடங்கியது. இன்று லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயரளவில் மிஞ்சியிருக்கும் இடத்தையொட்டி ஃபேரர் பார்க்கில் 1933 வரை பந்தயம் ஓடியது. அந்தக் காலத்து நகரில் வாடகை வண்டியை இழுத்த மட்டக்குதிரைக்குக் கருங்கல் ஜல்லி பரப்பிய சாலையில் நாள் முழுக்க வேலை. அதற்கு லாடம் வேண்டியிருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. தமிழ்நாட்டில் வண்டிமாட்டுக்கு லாடம் கட்டியதும் இதே கணக்கில்தான். இன்றைய சிங்கப்பூர்க் குதிரையின் நாள் அப்படிப்பட்டதன்று. பெரும்பொழுது கொட்டிலில் நிற்கிறது, மணல் பரப்பிய மைதானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கிறது, எப்போதாவது பூங்காப் பாதைக்கோ மரங்களடர்ந்த மண்தடத்துக்கோ போகிறது. அதன் குளம்பு தேய்வதைவிட வளர்வதே அதிகம். அதனால்தான் சில வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டியிருக்கிறது. தேவை நாள் முழுக்க இருந்த காலத்தில் பாதுகாப்பும் நாள் முழுக்க ஒட்டியிருந்தது. வாரத்தில் சில மணி நேரமே தேவைப்படும்போது அதை ஏன் ஆணியடித்து நிரந்தரமாக்க வேண்டும்?

இங்கே மார்க்கோ போலோவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய அவர், கடல்வழி வந்து இறங்கிய குதிரைகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததையும், அங்கே லாடம் அடிப்போர் இல்லாததையும் சேர்த்தே பதிவு செய்தார். ஆனால் அதே பதிவில், அந்தக் குதிரைகளுக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சியைத் தீனியாகக் கொடுத்தார்கள் என்றும் வருகிறது. அக்காலத்தில் லாடம் அடித்தவரே குதிரை வைத்தியரும் ஆவார். ஆகவே தவறான தீனியாலும் வைத்தியமின்மையாலும் மடிந்த குதிரைகளை இரும்பில்லாமையின் கணக்கில் எழுத முடியாது. மார்க்கோ போலோவுக்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் முன்பே, ஆணியடித்த லாடம் அறியாத கிரேக்கப் படைத்தலைவர் செனஃபன், கொட்டிலுக்கு வெளியே கூழாங்கற்களைப் பரப்பி அதன்மேல் குதிரையை நிற்கவிட்டுக் குளம்பை உறுதிப்படுத்தும் முறையை எழுதிவைத்திருக்கிறார்.

இனி தாரும் கான்கிரீட்டும். கடினமான தரைக்குக் கடினமான இரும்பு என்பது கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது; குளம்பு வேலை செய்யும் விதம் வேறு. எடை இறங்கும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிகிறது. அடியில் நடுவே உள்ள முக்கோணப் பகுதியும் அதற்கு மேலுள்ள மெத்துத் திசுவும் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பௌக்கர் இந்தப் பின்பகுதியின் ரத்தநாளங்களை ஆராய்ந்து, அவற்றில் ஓடும் ரத்தமே அதிர்ச்சியைக் கரைக்க உதவுகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். இரும்பு இந்த விரிவைக் கட்டுப்படுத்துகிறது. முக்கோணப் பகுதியைத் தரையிலிருந்து உயர்த்திவிடுகிறது. இரும்பு தார்மீது மோதும்போது எழும் அதிர்வு வெறுங்குளம்பைவிடக் கூடுதல் என்பது அளவீடுகளில் தெரிந்த செய்தி. வழுக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரமான தாரில் வழவழப்பான இரும்பு நிற்காது. அதனால்தான் சாலையில் செல்லும் குதிரைகளின் லாடத்தில் டங்ஸ்டன் கார்பைடு முனைகளைத் தனியாகப் பொருத்துகிறார்கள். காலணியின் ரப்பர், பாலியூரித்தேன் அடிப்பாகத்துக்கு அந்தப் பிடிமானம் இயல்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் காவல்துறையின் குதிரைப்படை லாடத்தைக் கைவிட்டு வெறுங்குளம்போடு நகரத் தெருக்களில் பணியாற்றுகிறது. வெப்பமும் புழுக்கமும் நிறைந்த ஹூஸ்டன் நமக்கு அந்நியமான தட்பவெப்பம் கொண்ட ஊரன்று.

ஈரத்தைப் பற்றிய வாதம் இவற்றில் வலுவானது. அதைக் கவனமாக அணுக வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆண்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான நாள்களில் ஏதோ ஒரு வேளை தூறல். ஈரம் குளம்பை மென்மையாக்குவது உண்மை. மென்மையான குளம்பில் கிருமி தங்குவதும், அடிப்பகுதி அழுகுவதும், வெள்ளைக் கோடு என்று சொல்லப்படும் இணைப்பு பிளவுபடுவதும் உண்மை. ஆனால் இவற்றில் எதை லாடம் தடுக்கிறது? அது குளம்பின் விளிம்பை மட்டும் மூடுகிறது. அடிப்பகுதி திறந்தே கிடக்கிறது, சேறும் சாணமும் லாடத்துக்குள் அடைந்து நிற்கின்றன. மென்மையான குளம்பில் ஆணி நிலைப்பதும் கடினம். ஒரு லாடத்துக்கு ஆறு ஆணி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று வைத்தால் ஓராண்டில் ஒரே குளம்பில் ஐம்பது ஆணித்துளை. துளை ஒவ்வொன்றும் ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் வழி. ஈரத்துக்கு மருந்து உலர்ந்த படுக்கை, நாள்தோறும் குளம்பைக் குடைந்து துடைப்பது, நீர் தேங்காத நிற்குமிடம். காலணியும் இந்த வாதத்திலிருந்து தப்ப முடியாது. அதை இரவு பகலாகக் காலிலேயே விட்டால் உள்ளே வேர்த்துப் புழுங்கி, லாடத்தைவிட மோசமான அழுகலை உண்டாக்கும். சவாரி முடிந்ததும் கழற்றிக் கழுவி உலர்த்த மனமில்லாதவர் காலணி வாங்கக் கூடாது.

தரோபிரெட்டின் குளம்பைப் பற்றிய வாதம் இப்போது முன்னைவிட முக்கியமாகிறது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 182 ஆண்டுக் குதிரைப் பந்தய வரலாறு அத்தோடு மூடப்பட்டது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்குப் புதுவேலை கற்றுத்தரும் வழக்கம் இங்கு புதிதன்று. 1951-இல் தொடங்கிய புக்கிட் தீமா சேடில் கிளப் அந்த நோக்கத்தில் உருவானதுதான். இக்குதிரைகளின் அடிப்பாகம் மெலிந்தும் தட்டையாகவும் இருப்பது கண்கூடு. அதைப் பிறவிக் குறை என்று முடிவுகட்டுவதைத்தான் மறுக்கிறேன். குளம்பு முழு வளர்ச்சி அடையும் முன்பே, ஏறக்குறைய இரண்டு வயதில், பயிற்சிக்காக லாடம் பூட்டப்பட்டு, முக்கோணப் பகுதி தரையைத் தொடாமலே வளர்ந்த கால் அது. இனப்பெருக்கத்தில் வேகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்ததன் பங்கும் இருக்கலாம். ஆனாலும், மேல்விளிம்பிலிருந்து நுனிவரை ஒரு புதுக் குளம்பு இறங்கிவர ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். அந்த ஓராண்டைக் கொடுக்காமல், லாடத்தைக் கழற்றிய மறுவாரமே சரளைக்கல்லில் நடக்கவிட்டு, குதிரை தடுமாறியதும் மீண்டும் ஆணியடித்து, ‘பார்த்தீர்களா’ என்பது சோதனையாகாது. உள்ளே மெத்தை வைத்த காலணிக்கு வேலை அந்த இடைக்காலத்தில்தான். குளம்பழற்சி வந்த குதிரையும் உள்ளெலும்பில் நோயுள்ள குதிரையும் விதிவிலக்கு. அங்கே கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு, அது இரும்பாகவும் இருக்கலாம்.

எதிர்த்தரப்பு மிகுந்த நம்பிக்கையோடு சொல்வது, காலணி கழன்று விழும், தோலை உரசிப் புண்ணாக்கும் என்பதே. இது நடக்காத செய்தியன்று. நடக்கும்போது காரணம் பெரும்பாலும் தேர்வில் இருக்கிறது. அளவு எடுக்க வேண்டியது குளம்பைச் சீவிய உடனே. மூன்று வாரம் கழித்து எடுத்தால் அது வளர்ந்த குளம்பின் அளவு, காலணி பெரிதாகிப்போகும். மிக அகலமான இடத்தில் குறுக்கே ஓர் அளவு, நுனியிலிருந்து குதிகால் தரையில் ஊன்றும் இடம்வரை ஓர் அளவு, இரண்டும் மில்லிமீட்டரில். பலர் அகலத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். முன்குளம்பு வட்டமானது, பின்குளம்பு ஒடுங்கியது. இடமும் வலமும்கூட ஒத்திருக்காது, ஆகவே ஒவ்வொரு காலையும் தனித்தனியே அளக்க வேண்டும். அடுத்தது அமைப்பு. ஈஸிபூட் குளவ் போல உறையாகக் கவ்விப்பிடிக்கும் வகை, அடிக்கடி சீவி அளவு மாறாமல் வைத்திருக்கும் குளம்புக்குத்தான் சரிப்படும். சீவாமல் விட்டால் சில வாரங்களிலேயே அது இறுகிவிடும். கவாலோ போன்ற, மேலே ஏறி நின்று பட்டையால் கட்டும் வகை வளர்ச்சியைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் குதிகாலின் மென்சதையை உரசும் வாய்ப்பு அதில் கூடுதல், ஒட்டுப்பட்டையில் மண் புகுந்தால் பிடியும் தளரும். ஸ்கூட் பூட் போன்றவை ரோம விளிம்புக்குக் கீழேயே முடிகின்றன, நீர் வடியத் துளைகளும் உண்டு. மழையும் செம்மண் சேறும் நிறைந்த பாதைக்கு நான் முதலில் பார்ப்பது நீர் வடியும் துளையையும் ஒட்டுப்பட்டை இல்லாத கட்டையும்தான். நுனி தடித்திருந்தால் கால் தூக்கும் நொடி தாமதமாகும். ஆதலால் நுனி சரிவாகச் சீவியதுபோல் அமைந்த அடிப்பாகமே நல்லது. மாட்டிய பிறகு நுனிநடுவில் சுண்ணக்கோடு ஒன்று போட்டு, நடத்தி, துள்ளுநடையில் விட்டு, இறுக்கமான வட்டத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கோடு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் அந்தக் காலணி அந்தக் குளம்புக்கு ஆகாது. முதல் சில சவாரிகளைக் குறுகியதாக வைத்து, ஒவ்வொரு முறையும் கழற்றிக் குதிகாலைத் தடவிப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் கழன்றால் காலணியைக் குறைசொல்லலாம். குதிகால் இருபுறமும் விரிந்து வளர்ந்த குளம்பில் எந்தக் காலணியும் நிற்காது, முதலில் குளம்பைத் திருத்த வேண்டும்.

அவசரச் சாமான் என்ற பெயர் வரலாற்றிலிருந்து வந்தது. 1970 வாக்கில் அமெரிக்காவில் நீல் கிளாஸ் உருவாக்கிய ஈஸிபூட், வழியில் லாடம் இழந்த குதிரைக்குக் காரின் மாற்றுச் சக்கரம்போல் உதவத்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த நோக்கத்தை இன்றைய பொருளின் எல்லையாகக் கொள்வது நியாயமன்று. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளில் ஒரே நாளில் 100 மைல் கடக்கும் டெவிஸ் கோப்பைச் சவாரியை 2012-இல் வென்ற காரட் ஃபோர்டின் குதிரை, பசையிட்டு ஒட்டிய காலணி உறைகளோடு ஓடியது. அவர் அப்போது அந்தக் காலணி நிறுவனத்தின் தலைவர், அது கட்டும் வகையன்று ஒட்டும் வகை என்ற இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் வழிநெடுக மருத்துவர்கள் சோதித்து அனுமதித்தால் மட்டுமே மேலே செல்ல முடியும் சவாரி அது. அங்கே விளம்பரத்தால் குதிரையை நடக்கவைக்க முடியாது. இரும்பில்லாமல் உயர்தரப் போட்டி இல்லை என்போருக்கு, டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 7 அன்று தடைதாண்டும் அணிப் போட்டியில் தங்கம் வென்ற சுவீடன் அணியே பதில். அவர்களின் குதிரைகளில் ஆல் இன், கிங் எட்வர்ட் இரண்டும் வெறுங்குளம்போடு தாண்டின. போலோ ஆட்டத்தைப் பற்றி இங்கு நான் பேசவில்லை. புல்தரையில் முழுவேகத்தில் ஓடி நொடியில் திரும்பும் குதிரையின் தேவை வேறு.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கருத்து வருகிறது. இயற்கையில் குதிரை எதுவும் அணிவதில்லை, ஆகவே காலணியும் வேண்டாம் என்பது. இதையும் ஏற்க முடியாது. காட்டுக்குதிரை வறண்ட, கரடான நிலத்தில் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து குளம்பை வைரமாக்கிக்கொள்கிறது. சுமார் 735 சதுர கிலோமீட்டர் தீவில், மெத்தென்ற மணலிலும் ஈரப் புல்லிலும் நிற்கும் குதிரைக்கு அந்த நடை வாய்ப்பதில்லை. மணலில் பழகிய குளம்பைச் சரளையில் வெறுமனே இறக்குவது வலியைக் கொடுக்கும். வலித்த குதிரை அடியைச் சுருக்கி, நுனியில் ஊன்றி, தசைநாரைக் கெடுத்துக்கொள்ளும். கொள்கைக்காக ஒரு விலங்கை நொண்டவிடுவதில் எந்த இயற்கையும் இல்லை.

செலவையும் சொல்லிவிட வேண்டும், சுருக்கமாகவே. வாங்கும் நாளில் காலணி லாடத்தைவிட விலைமிக்கது. எடையிலும் அதற்குச் சலுகை இல்லை, பல காலணிகள் லாடத்தைவிடக் கனமானவை. ஆனால் குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்கால்கள் தாங்குவதால் பலருக்கு முன்னிரு காலுக்கு மட்டும் வாங்கினாலே போதும். அவை பல மாதச் சவாரிக்கு வரும். லாடம் அடிப்பவரின் பிழைப்பு கெடும் என்று கவலைப்படுவோரும் உண்டு. வெறுங்குளம்புக் குதிரைக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவல் வேண்டும், அந்தச் சீவலின் நுணுக்கத்தில்தான் காலணியின் பொருத்தமே நிற்கிறது. ஆகவே அளவுகோலோடு முதலில் கொட்டிலுக்கு அழைக்க வேண்டியவர் அவர்தான்; காலணி விற்பவரை அதன் பிறகு அழைக்கலாம்.