கல் கரைகிறது, காரணம் கலியல்ல!

“கலி முற்றிவிட்டது, கோயிற் கல்லும் பொடிந்து போகிறது!” என்று பெருமூச்செறிவோர் நம் நன்னிலம் வட்டாரத்தில் இன்றும் உளர். பெருமூச்சால் நிலைத்த கல் ஒன்றும் இல்லை. கலியைக் கைகாட்டுவோரைக் கல்லருகே அழைக்கிறோம். வாருங்கள், பாருங்கள், பிறகு பேசுங்கள்!

காவிரிச் சமவெளியைத் தோண்டினால் வண்டல் வருமேயன்றிப் பாறை வராது. தொலைவிலிருந்து கொணர்ந்த கருங்கல்லால் எழுந்தவை இக்கோயில்கள். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி எடுப்பித்த கோனேரிராசபுரம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. செங்கல்லினும் கல் நெடுநாள் நிற்கும். என்றும் நிற்கும் என்று இயற்கை எவர்க்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

சித்திரை வெயிலில் பழுக்கும் கல், திடீர் மழையில் குளிர்ந்து சுருங்குகிறது. விரிவதும் சுருங்குவதும் நூற்றாண்டுகள் தொடர, மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. ஐப்பசி அடைமழை அவற்றில் புகுகிறது. காற்றின் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் ஒரு மென்மையான அமிலம். கருங்கல்லிலுள்ள பெல்சுபார் என்னும் கனிமத்தை அது மெல்ல மெல்லக் களிமண்ணாக்குகிறது. நம் உழவர் நாற்று நடும் வண்டலே, மேற்கு மலைப் பாறைகள் இவ்வாறு சிதைந்து காவிரியில் வந்ததுதானே! மலையைக் கரைத்த விதி, மதிலை மட்டும் விட்டுவிடுமா?

இன்னொரு பகை, உப்பு. நிலத்தடி ஈரம் அடித்தளக் கல்லில் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு உள்ளே தங்கிப் படிகமாகப் பருத்து, கல்லின் தோலை உரிக்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கிழக்கே தரங்கம்பாடியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடலலையே கொண்டுபோயிற்று. தன் வீட்டையே காக்காத தெய்வத்தின் மீது பழிபோட வேண்டா. அலைக்குப் பக்தியும் இல்லை, பகையும் இல்லை!

இயற்கை நூற்றாண்டுகளில் செய்வதை மனிதர் ஒரே நாளில் முடிக்கின்றனர். திருப்பணி என்ற பெயரால் மணலை விசையோடு வீசிக் கல்லின் மேற்பரப்பைச் செதுக்குகின்றனர். ஈரம் வெளியேறாதபடி இடுக்குகளில் சிமெண்டு அடைக்கின்றனர். விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் புனிதம் என்று விட்டுவைக்கின்றனர். அது வேரூன்றிக் கல்லைப் பிளந்த பின்னர், வசூலுக்கு உண்டியல் ஏந்துகின்றனர். இது பக்தியா? பாழ்படுத்தலா?

“கடவுளை ஏற்காத உங்களுக்குக் கோயிற்கல்லில் என்ன அக்கறை?” என்பார்கள். சொல்கிறோம். அந்தக் கல் வரலாற்றின் சாட்சி! தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பட்டியல் இருக்கிறது. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் இருக்கிறது. யார் ஆண்டார், யார் ஆடினார், யார் ஒதுக்கப்பட்டார் என்பதற்குப் புராணம் சான்றாகாது, கல்லெழுத்தே சான்று. அவ்வெழுத்துப் பெரிதும் பொறிக்கப்பட்டிருப்பது அடித்தளத்தில். ஈரமும் உப்பும் முதலில் தாக்குவதும் அங்கேதான். எழுத்து உதிர்ந்தால், அநீதிக்கு எதிரான ஆவணமும் உதிரும். பொய் புனைவோர்க்கு வழி எளிதாகும்.

2021 சூனில் சென்னை உயர்நீதிமன்றம், பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகள் இட்டது. கட்டளை தாளில் கிடந்தால் கல் நிமிருமா? தோழர்களே, உங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றி வாருங்கள். மழைநீர் அடித்தளத்தில் தேங்குகிறதா? கன்று இரண்டிலை விடும்போதே களையப்படுகிறதா? மராமத்துக்கு முன் கல்வெட்டு படியெடுக்கப்பட்டதா? கேளுங்கள்; எழுதிக் கேளுங்கள்; விடை வரும்வரை கேளுங்கள்!

கும்பிடக் கேட்கவில்லை நாம், படிக்கக் கேட்கிறோம். படிப்பதற்குக் கல் இருக்கவேண்டும்!