ஒப்பரேஷன் முடிந்தது, பராமரிப்பு முடியவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும், எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

எங்கள் பாடசாலையில் 'ஜே-பவுச்' உள்ள ஒரு பிள்ளை படிக்கிறது. யார், எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள். அது அமானிதம்.

ஜே-பவுச் என்றால் என்ன? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் நோய் மருந்துக்கு அடங்காமல் போனால் பெருங்குடலை எடுத்துவிட வேண்டி வரும். அப்போது சிறுகுடலின் கடைசிப் பகுதியை 'ஜே' எழுத்து வடிவில் மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு பை செய்து ஆசனவாயுடன் இணைப்பார்கள். 1980இல் ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் உட்சுனோமியா அறிமுகப்படுத்திய முறை இது. வயிற்றுக்கு வெளியே காலமெல்லாம் பை ஒட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. அது பெரிய நிம்மதிதான்.

ஆனால், "ஒப்பரேஷன் சக்சஸ், இனிப் பிரச்சினை இல்லை" என்று குடும்பமும் பாடசாலையும் நினைத்துவிடுவதுதான் ஆபத்து. இப்படியான பிள்ளை 24 மணித்தியாலத்தில் 4 முதல் 8 தடவை மலசலகூடம் போக வேண்டி வரும். தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும் பெருங்குடல் இல்லாததால் உடல் சீக்கிரம் வறண்டுவிடும். பையில் அழற்சியும் வரலாம். பவுச்சைட்டிஸ் என்பார்கள். கொலைட்டிஸுக்காக இந்தச் சிகிச்சை செய்தவர்களில் பாதிப்பேர் வரை ஒருமுறையாவது அதைச் சந்திக்கிறார்கள். வழமையைவிட அதிகம் போவது, அடக்க முடியாத அவசரம், வயிற்றுப் பிடிப்பு, இரத்தம், காய்ச்சல் கண்டால் உடனே காட்ட வேண்டும். நேரத்துக்குக் காட்டினால் பெரும்பாலும் அன்டிபயோட்டிக்கில் அடங்கிவிடும்.

எங்கள் கருத்து இதுதான்: இந்தப் பராமரிப்பில் பாதி வைத்தியசாலையில், மீதி வகுப்பறையில்.

பிள்ளை ஏன் பாடசாலையில் தண்ணீர் குடிப்பதில்லை தெரியுமா? குடித்தால் போக வேண்டும், போகக் கேட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்கத்துக்குப் பயந்து தாகத்தோடு இருக்கும் பிள்ளையை எந்த கிளினிக்காலும் காப்பாற்ற முடியாது. ஆகவே கேள்வி கேட்காமல் வெளியே போக அனுமதி, கதவு பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் ஒரு மலசலகூடம், மேசையில் தண்ணீர்ப் போத்தல். இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். அதிபரின் ஒரு சொல் போதும். மூன்று மணித்தியாலப் பரீட்சைக்கு என்ன ஏற்பாடு என்பதை வைத்தியரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

அடுத்தது கிளினிக் நாள். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து, பி12, விற்றமின் டி பார்க்க வேண்டும். வைத்தியர் சொல்லும் காலத்தில் கமரா வைத்துப் பையையும் பார்க்க வேண்டும். உயர்தரத்துக்கு 80 வீத வரவு கேட்கிறோம். அதற்குப் பயந்து கிளினிக்கைத் தவறவிடும் நிலையை நாங்கள் உருவாக்கக் கூடாது.

பெற்றோரே, வைத்தியர் கேட்கும்போது உம்மாவோ வாப்பாவோ முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். எத்தனை தடவை போனேன், என்ன சாப்பிட்டேன் என்று பிள்ளையே சொல்லட்டும். சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறும் நாளில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். பாமசியில் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவை பைக்குக் கெடுதல் செய்யலாம். வீட்டில் ஜீவனி இருக்கட்டும்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிடிக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள். "நோன்பு இல்லையா?" என்று சபையில் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

பிள்ளைக்கு வேண்டியது எங்கள் பரிதாபம் அல்ல. கை உயர்த்தாமல் எழுந்து போக ஓர் அனுமதி. நாளைக்கே கொடுக்கலாம்.