ரயில் போன தடம் சைக்கிளுக்கு ஆகட்டும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. ஒரு பக்கம் மூட்டை இறக்க நிற்கும் லாரி. மறு பக்கம் ஹாரன் அடித்து விரட்டும் வண்டிகள். நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள்காரர். சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். அது ஏழையின் வாகனம். ஆனால் அந்த வாகனத்துக்கென்று ஒரு பாதை இல்லை. கேட்டால், நகரத்தில் இடம் எங்கே இருக்கிறது என்பார்கள். சரி, இடமுள்ள மலைநாட்டிலாவது உண்டா என்றால் அங்கும் இல்லை. இத்தனைக்கும் அங்கே ஒரு தடம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டிருக்கிறது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் தடமே அது.

கொச்சித் தமிழர்களுக்கு மூணாறு அந்நியமான ஊர் அல்ல. எர்ணாகுளத்தில் பஸ் ஏறி மூணாறு, போடிமெட்டு வழியாகச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் கிள்ளும் கொழுந்துதான் தேயிலையாகிக் கொச்சி ஏலத்துக்கு வருகிறது.

அந்தத் தேயிலை முன்பு போன வழி வேறு. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி வண்டி இழுக்க வைத்தார்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலத்தில் சிறு ரயில் பாதை அமைத்தார்கள். மூணாற்றில் புறப்பட்ட ரயில் மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். 1924 ஜூலையில் பெய்த பெருமழையோடு இதெல்லாம் முடிந்தது. கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று சொல்லும் அந்த வெள்ளத்தில் தண்டவாளமும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ரயில் மீண்டும் ஓடவில்லை. தடத்தின் பல பகுதிகள் பின்னர் தார்ச் சாலையில் கலந்துவிட்டன. எஞ்சியிருப்பதையாவது பயன்படுத்த வேண்டாமா என்பதே கேள்வி.

ரயில் தடத்துக்கு ஒரு குணம் உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடுவதால் செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கும். அதனால் ரயில் பாதை போடுகிறவர்கள் மலையை நேராக ஏறாமல், சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக ஏறுவார்கள். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் அதில் குறைவு. கியர் இல்லாத சாதாரண சைக்கிளை மிதித்துப் போக மலையில் இதைவிட நல்ல தடம் கிடைக்காது. தார் கூட வேண்டியதில்லை. ஜல்லியும் கிராவலும் பரப்பி, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்தி, மழைநீர் வடிய ஓரத்தில் கால்வாய் விட்டால் போதும்.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் என்ற ஊரிலிருந்து ஸ்பார்ட்டா வரை, ரயில் நின்றுபோன ஐம்பது கிலோமீட்டர் தடத்தில் சுண்ணாம்புக்கல் தூள் பரப்பி 1960-களிலேயே சைக்கிள் பாதை ஆக்கினார்கள். அதில் மூன்று குகைப் பாதைகளும் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்கும் பாத் நகரத்துக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் தடத்தை 1979-லிருந்து 1986-க்குள் தொண்டர்கள் உழைத்துச் சைக்கிள் பாதையாக்கினார்கள். ஸ்பெயின் நாடு 1993-ல் இதையே ஒரு திட்டமாகத் தொடங்கி, இதுவரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இப்படி மாற்றியிருக்கிறது. அங்கெல்லாம் பொதுவாக மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. சைக்கிள்காரர்களோடு நடந்து போகிறவர்களுக்கும் அந்தப் பாதைகளில் இடம் உண்டு.

ஆனால் மூணாற்றில் இப்படி ஒரு பாதை வந்தால் அது யாருக்காக என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். விலை உயர்ந்த சைக்கிளோடு விடுமுறைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். அவர்களால் நாலு பேருக்குப் பிழைப்பும் உண்டாகும். ஆனால் முதல் உரிமை அந்த மலையில் குடியிருப்பவர்களுக்கே. தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். லயத்துப் பெண் ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் போக வேண்டும். பஸ் வராத நேரத்தில் ஜீப்புக்குக் காசு கொடுக்க வேண்டும், இல்லையேல் கால்நடைதான். 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, பல்லாயிரம் ஏழைப் பெண்கள் துணிந்து மிதிக்கக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திருந்த நிலை மாறியது. 2015 செப்டம்பரில் கூலிக்கும் போனஸுக்கும் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டு மூணாறு நகரையே நிறுத்திக் காட்டிய தோட்டத்துப் பெண்கள், சைக்கிளைக் கண்டு அஞ்சுகிறவர்களா என்ன?

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. அந்த மலை இனியும் புதிதாக வெட்டுவதைத் தாங்காது. மூணாறு–போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது கேப் ரோட்டில் திரும்பத் திரும்ப மலை சரிந்தது. 42 கிலோமீட்டர் வேலை முடிந்து 2024 ஜனவரியில் சாலை திறக்கப்பட்டுவிட்டது. வண்டிகள் வேகமாகப் போகின்றன. நடப்பவரும் மிதிப்பவரும் ஓரத்துக்கு ஒதுங்குகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மழையில் மலை சரிந்து 70 பேர் மாண்டதை, அதில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதை, யாரும் மறந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட மண்ணில் புதிய சாலை போடுவதைவிட, முன்னோர் வெட்டி வைத்த குறுகிய தடத்தைச் செப்பனிடுவதே விவேகம். புதிதாக மலையைக் குடைய வேண்டியதில்லை. கிராவல் பாதை மழைநீரில் ஒரு பகுதியையாவது மண்ணுக்குள் விடும்.

ஆட்சேபங்கள் வரும். பழைய ரயிலையே மீண்டும் விடலாமே என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. ரயில் வந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். வந்த பிறகும் லயத்துப் பிள்ளை அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போவது சந்தேகமே. யானை வருமே என்பார்கள். உண்மைதான். ஆகவே பொழுது சாய்ந்ததும் பாதையை அடைத்துவிட வேண்டும். யானை கடக்கும் இடங்களில் வேலி போடக் கூடாது. அங்கே வனத்துறைக் காவலர் இருக்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத் தீயில் 23 பேர் உயிரிழந்தார்கள். டாப் ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள மலை அது. காவலும் கட்டுப்பாடும் இல்லாமல் மலையைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கு அந்தத் துயரம் ஒன்றே போதும்.

கைவிடப்பட்ட தடம் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்பதும் சரியல்ல. பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு கொண்டுவந்த கொச்சி சமஸ்தான டிராம் பாதை 1963-ல் மூடப்பட்டது. பறம்பிக்குளம் 2010-ல் புலிகள் காப்பகமாகிவிட்டது. அங்கே காட்டுக்குள் கிடக்கும் தடம் காட்டுக்கே இருக்கட்டும். குண்டளையின் கதை வேறு. அங்கே வழிநெடுக மனிதர்கள் வாழ்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரை பழைய தடத்தில் எது மிஞ்சியிருக்கிறது, எது யார் கையில் இருக்கிறது என்று இடுக்கி மாவட்ட நிர்வாகம் அளந்து பார்க்க வேண்டும். டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆகவே தேனி மாவட்ட நிர்வாகமும் கை கோர்க்க வேண்டும். தோட்டக் கம்பெனியையும் வனத்துறையையும் தொழிற்சங்கங்களையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டும். முதலில் ஒரு சில கிலோமீட்டரைச் சீராக்கி, தோட்டத்துப் பிள்ளைகள் கையில் சைக்கிளைக் கொடுத்துப் பார்க்கட்டும். பலன் தானே தெரியும்.

தேயிலைப் பெட்டியை இறக்க அந்தக் காலத்தில் ரயில் போட்டார்கள். தேயிலை பறிக்கிறவர்களுக்கு அந்தத் தடத்தில் ஒரு கிராவல் பாதை போட்டுக் கொடுப்பது இந்தக் காலத்தால் முடியாத காரியமா? சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்க வேண்டும்.