ஆனைமலையில் சைக்கிளா?

வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் நிற்கிற திருப்பூர் பையனுக்கு ஞாயிறு என்றால் அமராவதி அணை, திருமூர்த்தி மலை. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் மலை சைக்கிளுக்குத் தடம் இருக்கிறதே, இங்கே ஏன் கூடாது? கேள்வி நியாயம்தான். ஆனால் சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவில் வேகமாகத் திரும்புகிறவனை யானை கவனிப்பதற்குள் அவன் அதன் காலடியில் இருப்பான். பான்ஃபிலும் இதே தொல்லை, அங்கே கரடி!

உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் 2007-ல் புலிகள் காப்பகமான ஆனைமலையைச் சேர்ந்தவை. 1972 வன உயிரினச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். சரி, விரட்டினால் மட்டும் போதுமா? காட்டுக்கு வெளியே பி.ஏ.பி. வாய்க்கால் கரை கிடக்கிறது... மண்பாதை, தென்னந்தோப்பு, தெற்கே மலை. அதில் ஒரு தடத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாமே. (தோப்பு நாய்களைச் சமாளிப்பது ஓட்டுகிறவர் பாடு!)