இறைச்சியா, சைவமா? சுற்றுச்சூழல் நோக்கில் எங்கள் நிலைப்பாடு

புவி சூடாவதைத் தடுக்கத் தமிழ்நாடு சைவத்துக்கு மாற வேண்டும் என்று பிரசாரம் செய்யுமாறு சூழல் அமைப்புகளிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எங்களிடமும் கேட்கிறார்கள். அந்தப் பிரசாரத்தை நாங்கள் செய்யப்போவதில்லை. அதற்கான காரணத்தையும், நாங்கள் வேறு எதைக் கேட்கிறோம் என்பதையும் இந்த அறிக்கையில் பதிவு செய்கிறோம்.

அறிவியல் சொல்வதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். பசுங்குடில் வாயுக் கணக்கில் பயறு வகைகளுக்கு நிகரான புரத உணவு அநேகமாக வேறில்லை. 2018இல் 'சயின்ஸ்' இதழில் ஜோசப் பூரும் தாமஸ் நெமெச்செக்கும் 119 நாடுகளின் பண்ணைத் தரவுகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வின்படி, 100 கிராம் புரதத்துக்கு இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடு சராசரியாக 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுவை வெளியேற்றுகிறது. ஆட்டிறைச்சி 20, பாலாடைக்கட்டி 11, கோழி 6க்குச் சற்றுக் குறைவு, முட்டை 4 சொச்சம். பயறு வகைகள் ஒரு கிலோவைக்கூடத் தொடுவதில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் போட்ட கணக்கில், மனிதரால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையிலிருந்து வருகிறது. இதையெல்லாம் மறுத்து எழுதுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்த 50 கிலோ யாருடைய தட்டில் இருக்கிறது? அமேசானில் அழிந்த காட்டின் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சல் நிலமாகியிருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி உண்கிறார். இந்தியச் சராசரி ஐந்தாறு கிலோ. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அசைவம் உண்ணும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலான வீடுகளில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். இல்லாவிட்டால் கோயில் கொடைக்கும் கிடாவெட்டுக்கும். டெக்சஸ் மாட்டுப்பண்ணைக்குச் சொல்ல வேண்டியதை மதுரைக்காரரின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பார்த்துச் சொல்வது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். இந்திய வேளாண்மை வெளியேற்றும் பசுங்குடில் வாயுவில் பாதிக்கும் மேல் அசைபோடும் கால்நடைகளின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன். அதில் பெரும்பங்கு பாலுக்காகவும் உழவுக்காகவும் வளர்க்கும் மாடுகளும் எருமைகளும் விடுவது. 2019 கணக்கெடுப்பில் அவை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 30 கோடி. 2023-24இல் நாடு 23.9 கோடி டன் பால் கறந்தது. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு கறப்பதில்லை. பசு கறக்க வேண்டுமானால் அது கன்று போட வேண்டும். கன்றுகளில் பாதி காளைக்கன்று. ஜெர்சிக் கலப்புக் காளைக்கு இன்று ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. அதுவும் கறவை வற்றிய மாடும் சந்தை வழியாக இறைச்சிக்குப் போகின்றன. அந்த விலையை நம்பித்தான் சிறு விவசாயி அடுத்த மாட்டை வாங்குகிறார். பால் குடிப்பவர்கள் மாட்டிறைச்சி உண்பவர்களைச் சூழலைக் கெடுப்பவர்கள் என்பதில் பொருளில்லை. இரு தரப்பும் ஒரே மாட்டை நம்பியிருக்கிறார்கள். நெய்யும் பன்னீரும் நிறைந்த விருந்துத் தட்டைவிட, சுண்டலும் அவித்த முட்டையும் வைத்த தட்டு பூமிக்கு இலகுவானது.

நெல்லையும் விட்டுவிட முடியாது. தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. நம் டெல்டா அப்படித்தான் விளைகிறது. இதற்கான தீர்வு சோற்றைக் கைவிடுவதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அந்த மீத்தேன் பாதியளவுக்குக் குறையும், தண்ணீரும் மிஞ்சும். முறைவைத்துத் தண்ணீர் வரும் என்ற உறுதி இருந்தால்தான் விவசாயி வயலைக் காயவிடத் துணிவார். அந்த உறுதியைக் கொடுப்பது அரசின் வேலை.

வாயுக் கணக்கு மட்டும் போதாது என்று நாங்கள் சொல்வதற்கு ஆட்டுக்கிடை ஒன்றே சான்று. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடு மேய்ப்பர்களான கீதாரிகள் மந்தையோடு தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் வந்து இறங்குகிறார்கள். குட்டிகளைக் கொடாப்பு என்னும் கூடைக்குள் விட்டுவிட்டு மற்றவற்றைப் பகலெல்லாம் அறுத்த தாளிலும் வரப்புப் புல்லிலும் மேய்க்கிறார்கள். இரவில் ஒரு வயலில் கிடை போடுகிறார்கள். மறுநாள் அதைப் பெயர்த்து அடுத்த வயலில் போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணுக்கு அந்தப் போகத்தில் யூரியா குறைவாகப் போதும். வயல்காரர் கிடைக்கூலியைப் பணமாகவோ நெல்லாகவோ அளக்கிறார். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்பது அனுபவப்பட்ட சொல். இந்த ஆட்டுக்காக யாரும் காட்டை வெட்டவில்லை, மக்காச்சோளம் விதைக்கவில்லை.

இதே ஆட்டிறைச்சி, மேலே சொன்ன அளவுகோலில் பிராய்லர் கோழியைவிட மூன்று மடங்குக்கு மேல் மோசமாகத் தெரிகிறது. ஆடு விடும் மீத்தேன் உண்மைதான். அதனால் ஆட்டுக்கறியைத் தினசரி உணவாக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வழக்கம்போல எப்போதாவது உண்பதே அளவு. ஆனால் அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கீதாரிகளை ஒழித்துவிட்டு, அந்த இடத்தில் கோழிக்கொட்டகை கட்டுவது சூழல் வெற்றி என்று எவரும் சொன்னால் எதிர்ப்போம்.

ஏனென்றால் கொட்டகையின் கணக்கு கொட்டகைக்குள் முடிவதில்லை. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கிறது. பண்ணைக்காரர் கொட்டகையும் கரண்டும் உழைப்பும் போட்டு, நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ கோழியைத் திருப்பிக் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குகிறார். அந்தத் தீவனத்துக்காகப் பெரம்பலூர் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் பரவியது. 2018இல் படைப்புழு வந்து இறங்கியதும் மருந்தடிப்பு பெருகியது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக், வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிகளுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது. அதைக் கோழித் தீவனத்திலும் கால்நடைத் தீவனத்திலும் கலக்க இந்தியா தடை விதித்ததே 2019 ஜூலையில்தான்.

கடலின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. விசைப்படகின் இழுவலை அள்ளிவரும் குஞ்சுமீன்கள் கழிசல் மீனாகக் காய்ந்து, கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகின்றன. வளர்ந்திருந்தால் நாட்டுப்படகுக்காரரின் வலையில் விழுந்திருக்க வேண்டியவை அவை. இறால் பண்ணைகளோ கழிமுகத்தையும் குடிநீர்க் கிணறுகளையும் உப்பாக்கின. காந்தியர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் நாகப்பட்டினம் பகுதி மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த இறால் தொழிற்பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் வந்த சட்டங்கள் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டன. நாட்டுப்படகில் வரும் மத்தியும் ஏற்றுமதிப் பண்ணை இறாலும் 'அசைவம்' என்ற ஒரே பெயரில் அடங்குவதால் ஒன்றாகிவிடா.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் சைவம் என்பது சாதியோடு பிணைந்தது. அசைவம் சாப்பிடுகிறவர் என்பதற்காக வாடகைக்கு வீடு மறுக்கிறார்கள். மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர்களை அடித்தே கொன்றிருக்கிறார்கள். அந்தப் பாகுபாட்டுக்குப் பருவநிலையைச் சாட்சியாக அழைக்க நாங்கள் இடம் கொடுக்க மாட்டோம். பள்ளிக் குழந்தையின் சத்துணவில் இருக்கும் முட்டையைச் சூழலைக் காரணம் காட்டிக் குறைக்கச் சொல்லும் எந்தக் கோரிக்கையையும் முழுமையாக எதிர்க்கிறோம். சோகை பிடித்த குழந்தையின் தட்டிலிருந்து தொடங்கும் சிக்கனம் அநீதி.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பவை இவை. மேய்க்கால் புறம்போக்குகளை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை நிறுத்த வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையை ஏற்றிருக்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இந்த நிலையில் அந்தச் சட்ட உரிமைகளை மனு வாங்கி முடித்துத் தருவது அவசரம். பெரிய கோழிப்பண்ணைகளின் கழிவையும் மருந்துப் பயன்பாட்டையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். குஞ்சுமீனைத் தீவனத்துக்கு விற்பதைத் தடுக்க வேண்டும். சத்துணவிலும் ரேஷனிலும் உள்ளூர்ப் பயறும் சிறுதானியமும் கூட வேண்டும். முட்டை அப்படியே தொடர வேண்டும்.

எங்கள் கூட்டங்களிலும் பயிலரங்குகளிலும் இனி பிராய்லரும் பண்ணை இறாலும் பன்னீரும் பரிமாறப்படா. பயறும் கீரையும் முட்டையும், கிடைக்கும் இடத்தில் நாட்டுப்படகு மீனும் இருக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எப்போதாவது கறி எடுக்கும் வீடுகளிடம் நாங்கள் எதையும் விடச் சொல்லவில்லை. பிராய்லர் தினசரி உணவாகிவிட்ட வீடுகள், வாரத்தில் பாதி நாளாவது அந்த இடத்தில் தட்டப்பயறும் கொள்ளும் மொச்சையும் சமையுங்கள். பன்னீரும் நெய்யும் தினசரியாகிவிட்ட வீடுகளும் அதையே செய்யுங்கள்.