இரண்டு முழ டியூபும் எட்டு உயிரும்

தடைக்காலம் வந்தால் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பெயிண்ட் அடிப்பது, இஞ்சினை இறக்கிப் பார்ப்பது, வலை கட்டுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். எங்கள் தெருவில் ஒரு தம்பிக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. "ஐயா, நம்ம போட்டை வந்து பாருங்க" என்று போன வாரம் என்னைக் கூட்டிப் போனான்.

நன்றாகத்தான் செலவு செய்திருக்கிறான். புதுப் பெயிண்ட், புது வலை, ஜி.பி.எஸ்., மீன் கூட்டம் காட்டும் கருவி. எல்லாம் லட்சக் கணக்கு. எனக்குப் பழைய குணம், மூலை முடுக்கைப் பார்ப்பேன். வீல் ஹவுசுக்குப் பின்னால் சமையல் மூலை. அங்கே ஓர் அடுப்பு, பக்கத்தில் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு பச்சை டியூப். இரண்டு முனையிலும் கட்டுக்கம்பி சுற்றி முறுக்கியிருந்தது. நடுவில் ஒரு தகரத் தடுப்பின் ஓட்டைக்குள் நுழைந்து வருகிறது. தகரத்தின் விளிம்பு உரசி, அந்த இடத்தில் பச்சை நிறமே வெளுத்துப் போயிருந்தது.

"தம்பி, இந்த டியூப் எப்ப வாங்கினது?"

"தெரியல ஐயா. பழைய போட்ல இருந்ததைக் கழட்டி மாட்டினோம். நல்லாத்தான் எரியுது."

இந்த "நல்லாத்தான் எரியுது" என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. அடுப்பு எரிவதால் டியூப் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஓட்டை விழுந்த டியூபிலும் அடுப்பு எரியும். மிச்ச கேஸ் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

வீட்டில் கசிந்தால் கொஞ்சம் தப்பிக்க வழி உண்டு. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு பரவும். கதவைத் திறந்தால் வாசல் வழியாக வெளியே போய்விடும். படகுக்கு ஏது வாசல்? அது ஒரு பெரிய அண்டா மாதிரி. கசிந்த கேஸ் மேல் தளத்து இடுக்குகளில் இறங்கி, இஞ்சின் ரூமுக்கும் அடித்தட்டுக்கும் போய்த் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். விடியற்காலையில் செல்ஃப் போட்டால் ஒரு பொறி போதும். கேஸில் நாற்றம் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் டீசலும் மீனும் நாறும் இடத்தில் யார் மூக்குக்கு அது எட்டும்? அதுவும் கேஸ் காலடியில், மூக்கு மேலே.

நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? அந்தப் போட்டில் எட்டுப் பேர் போகிறார்கள்.

"வீட்டுல இதே டியூப்தானே ஐயா?" என்றான். வீட்டிலும் அது தப்பு, போட்டில் அது பெரிய தப்பு. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் டியூப் எதற்குச் செய்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. சாதா ரப்பர் கேஸ் பட்டால் ஊறித் தளரும். தண்ணீர் விடும் பிளாஸ்டிக் டியூப் நாளாக ஆக விறைத்து வெடிப்பு விடும். போட்டில் இதற்கு மேல் வெயில், உப்புக் காற்று, டீசல், இஞ்சின் சூடு, ஓயாத அதிர்வு. வீட்டு டியூப் பத்து வருஷத்தில் படுகிற பாட்டை இது ஒரு சீசனில் பட்டுவிடும்.

முன்பு பிரான்சில் என் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் டியூபில் ஏதோ அச்சடித்திருப்பதைக் குனிந்து படித்தேன். மாற்ற வேண்டிய கடைசி வருஷம் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு அன்றைக்கு ஒரு ரப்பர் டியூபைப் படிக்க உதவியது! தேதி இல்லாத காகிதத்தை ஆபீசில் நான் வாங்கி வைத்ததே இல்லை. தேதி இல்லாத டியூபை மட்டும் ஏன் வீட்டில் மாட்டுகிறோம்?

நம் ஊரிலும் தேதி போட்ட நல்ல டியூப் கிடைக்கிறது. கேஸ் ஏஜென்சியிலேயே ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்தது. மேலே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு 5 வருஷம் என்று எண்ணெய் நிறுவனங்களே கணக்குச் சொல்கின்றன. போட்டுக்கு என்னைக் கேட்டால், ஒவ்வொரு தடைக்காலத்திலும் மாற்றிவிடு என்பேன். ஒரு நடைக்கு வாங்கும் ஐஸ் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. கட்டுக்கம்பி ரப்பரை அறுக்கும், அதனால் துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப்தான் போட வேண்டும். தடுப்பைத் தாண்டிப் போக வேண்டுமானால் அங்கே செம்புக் குழாயை அசையாமல் பதித்து, அடுப்புப் பக்கம் மட்டும் டியூப் இருக்கட்டும். சிலிண்டரை மேல் தளத்தில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். நெருப்புக் குச்சியைக் காட்டிப் பார்ப்பவர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்வது! சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடு, டியூபில் இருப்பது எரிந்து அணையட்டும், பிறகு அடுப்புத் திருகை மூடு.

"இருபது வருஷமா ஒண்ணும் ஆகல ஐயா" என்றான் கடைசியாக. "இருபது வருஷமா டியூப் உனக்குக் கடன் கொடுத்துக்கிட்டு இருக்கு தம்பி, வட்டியோட ஒரே நாள்ல கேட்கும்" என்றேன். சிரித்தான். மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 15 பூசைக்குக் கூப்பிட்டிருக்கிறான். போவேன். சூடம் கொளுத்துவதற்கு முன் குனிந்து அந்த மூலையைப் பார்ப்பேன். பச்சை டியூப் அப்படியே இருந்தால், சூடத்தை ஏற்ற விடமாட்டேன். பெரிய மனுஷன் வந்த இடத்தில் சண்டை போட்டான் என்று பேசினால் பேசட்டும்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒருமுறை எழுந்து போய் அடுப்புக்குக் கீழே பாருங்கள். முதுகு வலித்தால் பேரப்பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டியூபில் என்ன வருஷம் போட்டிருக்கிறது? கேஸ் நாற்றம் வந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906. அதையும் அங்கேயே சுவரில் எழுதி வையுங்கள்.