பறிக்கும் பருவம் தெரிய வேண்டாமா?

எங்கள் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் போன ஊர். காய் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, பறிக்கிற நாளும் சந்தைக்குப் போகிற நாளும் பொருந்த வேண்டும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இந்தச் சிறு கணக்கில் தவறினால் என்ன ஆகும்?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் கதையைப் பாருங்கள். 2019-ல் ரியோவில் நடந்த துப்பாக்கி சுடும் உலகக் கோப்பையில் அவருக்குத் தங்கம். அதே ஆண்டு சீனாவில் உலகக் கோப்பை இறுதியிலும் தங்கம். 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம்! டோக்கியோ பந்தயம் 2020-ல் நடக்க வேண்டியது. கொரோனா அதை ஓராண்டு தள்ளிப் போட்டது.

அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு இரண்டு இடங்களை 2018-லேயே அஞ்சும் மௌட்கிலும் அபூர்வி சந்தேலாவும் பெற்றுத் தந்திருந்தார்கள். ஆனால் இடம் நாட்டுக்குச் சொந்தம், வென்றவருக்கு அல்ல என்பது விதி. முந்தைய போட்டிகளின் மதிப்பெண்களைக் கணக்கிட்டு, 2021 ஏப்ரலில் அஞ்சுமுக்குப் பதில் இளவேனிலைத் தேர்ந்தார்கள். அஞ்சும் வேறு பிரிவுகளில் சுட்டார்.

மே மாதம் அணி குரோஷியாவுக்குப் போயிற்று. அங்கிருந்து நேராக டோக்கியோ. இங்கே நோய் கடுமையாக இருந்த காலம், போனதில் குற்றமில்லை. ஆனால் பழைய கணக்கில் தேர்ந்தவர்களின் இன்றைய நிலையைப் பார்க்க, பந்தயம் நெருங்கும்போது ஒரு சோதனை வேண்டாமா? ஜூலை 24-ல் இளவேனில் 626.5 புள்ளியுடன் 16-வது இடம்; அபூர்வி 36-வது. 15 பேர் கொண்ட துப்பாக்கி அணி ஒரு பதக்கமும் இன்றித் திரும்பியது.

படிப்பினை வீண் போகவில்லை. 2024-ல் டில்லியிலும் போபாலிலும் நான்கு தேர்வுப் போட்டிகள் வைத்தார்கள். அவற்றில் தேறிப் பாரிஸ் போன இளவேனில் 630.7 எடுத்தார், டோக்கியோவைவிட 4.2 புள்ளி அதிகம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர், அவர் பத்தாவது. ஆனாலும் துப்பாக்கியில் மூன்று பதக்கங்கள் வந்தன.

இதிலும் வருத்தம் உண்டு. 2022-ல் இடம் வென்று தந்த ருத்ராங்க்ஷ் பாட்டீல் தேர்வில் பின்தங்கி வீட்டில் இருக்க நேர்ந்தது. ஆனால் அவரைத் தோற்கடித்தது களம். யாருடைய விருப்பு வெறுப்பும் அல்ல. தோற்றவன் மனம் ஆறுவதற்கு அது ஒன்றே மருந்து.

பணக்கார அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2014-ல் பனிச்சறுக்கு நடனத் தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்த மிராய் நகாசுவை விட்டுவிட்டு, நான்காவதாக வந்த ஆஷ்லி வாக்னரை ஒலிம்பிக்குக்கு அனுப்பினார்கள். முந்தைய சாதனைகளைப் பார்த்தோம் என்றார்கள். நகாசுவின் கண்ணீரை அந்த விளக்கம் துடைக்கவில்லை.

அடுத்த பந்தயம் 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில். சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் இரண்டே. விதியை முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். தேர்வைப் பந்தயத்துக்கு அருகில் வையுங்கள். ஆனால் வீரர் இளைப்பாறவும் நாள் விடுங்கள். பழுத்த காயைத் தோட்டத்திலேயே வாட விட்டுவிட்டு, சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை.